கடைசி உருண்டை

வெர்ன் கொண்டுவந்த டப்பா இந்த முறையும் காலி. அடியில் ஒரு தூள்கூட இல்லை.

கிர்ஸ்டனுக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவில் மினசோட்டாக்காரர்கள் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர, தட்டில் இருக்கும் கடைசித் துண்டை எடுக்க மாட்டார்கள். அதைப் பாதியாக வெட்டுவார்கள், அந்தப் பாதியைப் பாதியாக்குவார்கள், நகக்கண் அளவாவது மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதுதான் அங்கே மரியாதை. மிச்சம், செய்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும்.

கிர்ஸ்டன் நான்கு வருடமாக மகள் பிரிட்டாவின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் புரத உருண்டை பிடித்துக் கொடுக்கிறாள். ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், தேன், புரதப் பொடி, மேலே கொஞ்சம் சாக்லேட். அடுப்பே பற்றவைக்க வேண்டாம். பிசைந்து, உருட்டி, ஃபிரிட்ஜில் வைத்தால் வேலை தீர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்கள் அடித்துப் பிடித்துத் தின்பார்கள். ஆனாலும் ஒன்று மிச்சம் வரும். எப்போதும் வரும்.

வெர்ன், சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். மகள் மேரன் இந்த வருடம்தான் அணியில் சேர்ந்தாள். பெற்றோர்கள் முறைவைத்துத் தின்பண்டம் கொண்டுவர வேண்டும் என்றதும், அவரும் உருண்டை பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் டப்பாவைக் கழுவி வைத்த மாதிரி இருந்தது.

"அப்படி என்னதான் போடறீங்க வெர்ன்?" கிர்ஸ்டன் சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பு உதட்டோடு சரி.

"நீங்க போடறதுதான். ஓட்ஸ், கடலை வெண்ணெய், பொடி. கூட ஒரு ரகசியம் இருக்கு." கண்ணடித்தார், அந்த மனுஷர்!

"நீங்க தின்னு பார்த்தீங்களா?"

"எங்கே! எண்ணி முப்பத்திரண்டு வருது, ஆளுக்கு ரெண்டு. பிள்ளைங்க பங்குல கை வைப்பேனா?"

அன்றிலிருந்து கிர்ஸ்டன் வீட்டில் ஆராய்ச்சி. பட்டை போட்டுப் பார்த்தாள், பேரீச்சம்பழம் போட்டுப் பார்த்தாள், தேங்காய்த் துருவலில் புரட்டிப் பார்த்தாள். அவள் கணவன் ஆறு நாளில் அறுபது உருண்டை ருசி பார்த்துவிட்டு, ஏழாம் நாள் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த வாரம் இடி விழுந்தது.

"டுலூத் போட்டிக்கு மூணு நாளும் உருண்டை வெர்ன் பொறுப்பு!" என்று அறிவித்தாள் கோச் ஹெய்டி. "காலி டப்பாவே சொல்லுதே!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கூரை பிய்த்துக்கொள்ளும்படி கை தட்டினார்கள்.

டுலூத் நகரில் வருடாவருடம் நடக்கும் அந்தப் போட்டிக்கு நான்கு வருடமாக உருண்டை கிர்ஸ்டனுடையது. காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்கூட.

அந்த ரகசியம் என்ன என்று தெரியாமல் இனித் தூக்கம் வராது. அடுத்த முறை வெர்ன் டப்பாவோடு வந்த அன்று, ஆட்டம் முடிந்ததும் நேராக உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தாள். டப்பாவில் இரண்டே உருண்டை. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

முதலில் பல் இறங்கவில்லை. பிறகு இறங்கியது. இறங்காமலே இருந்திருக்கலாம். உப்பு. புளிப்பு. பூண்டு. வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியில் மிஞ்சுமே, அந்தத் தண்ணீர்!

கிர்ஸ்டன் முகத்தில் நாலு மாதமாகக் காணாத வெளிச்சம் வந்தது. வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, கோச்சைத் தேடி ஓடினாள்.

வெளியே நடைபாதையில் பிரிட்டா குறுக்கே வந்து மறித்தாள். கையில் அந்த ஒற்றை உருண்டையோடு டப்பா.

"எங்கேம்மா போறே?"

"கோச்கிட்ட! இதையாடி தின்னீங்க இத்தனை நாளா?"

"கத்தாதே! அந்தத் தண்ணி குடிச்சா ஆடறப்ப கால் சதை பிடிச்சுக்காதாம். யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. தேனுக்குப் பதிலா அதை ஊத்திப் பிசையறார்."

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"மேரனோட அம்மா செத்துப்போனதுக்கப்புறம் அவர் வீட்ல பாடினதே இதை உருட்டறப்பதானாம். மேரன் சொன்னா. நீயே சொல்லு, யாரு போயி அவர்கிட்ட சொல்றது?"

கிர்ஸ்டன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் தள்ளினாள்.

"அப்போ டுலூத்ல மூணு நாளும்?"

"எல்லாத்தையும் தின்னுடறதுன்னு ஓட்டுப் போட்டாச்சு. பதினாறுக்குப் பதினாறு. தண்ணி பாட்டில் ரெண்டு ரெண்டு எடுத்துக்கறோம்."

"சரி, அதுக்காக வழிச்சு நக்கணுமா? மரியாதைக்கு ஒண்ணு மிச்சம் வைக்கக் கூடாதா?"

"மிச்சம் வெச்சா வீட்டுக்குக் கொண்டுபோயி அவர் தின்னு பார்த்துடுவாரே, அம்மா! ரெண்டாவதைத் தின்ன முடியாம யாராவது வெச்சுடறாங்க, அதான் அந்தக் கடைசி உருண்டைக்குச் சீட்டுக் குலுக்கறோம். இன்னிக்கு எனக்கு விழுந்துது."

"அட, இன்னிக்கு ஒண்ணு மிச்சமா!"

பின்னால் வெர்ன். முகமெல்லாம் பல். கையுறையைக் கழற்றிக்கொண்டே டப்பாவுக்குள் கையை நீட்டினார். "அப்பாடா, நானும் என்னிக்குத்தான் தின்னு பார்க்கறது!"

கிர்ஸ்டன் பாய்ந்தாள். பிறந்ததிலிருந்து எந்தத் தட்டிலும் கடைசியை எடுத்தறியாதவள், அவர் விரலுக்கு முன்னால் அதைப் பறித்து, முழுசாக வாயில் போட்டு, மென்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மன்னிச்சுக்கங்க வெர்ன். அடக்க முடியலை."

வெர்ன் அவளையே பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதருக்குக் குரல் தழுதழுத்தது.

"நீங்களுமா கிர்ஸ்டன்? அப்போ டுலூத்துக்கு உங்களுக்குன்னே தனியா ஒரு டப்பா!"