சகலை சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

ஏஜென்சிக்காரர் அறையின் கண்ணாடிச் சுவர் வழியாக வரும் வெயில், சாயம் போன என் ஆரஞ்சுச் சட்டையின் மேல் விழுகிறது. வெளியே டீ மெஷினருகே என் மனைவியின் தங்கை புருஷன், என் சகலை, நீலச் சட்டையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். கம்பெனி ஆளுக்கு நீலம், ஏஜென்சி ஆளுக்கு ஆரஞ்சு. பாட்டில் மூடி திருகும் லைனில் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். அவனை நிரந்தரமாக்கி லைன் லீடராகவும் ஆக்கிவிட்டார்கள். நான் இன்னும் தற்காலிகம். விறைப்பாக நிற்கும் அவன் காலரைப் பார்த்தால்கூட எனக்கு வயிறு எரிகிறது. "பெரியவ காலேஜ் போறா சார், கொஞ்சம் சம்பளம் ஏத்திக் குடுங்க" என்கிறேன். ஏஜென்சிக்காரர் பேனா மூடியால் காதைக் குடைகிறார். "நான் மாட்டேன்னா சொல்றேன்? நீங்க நல்லா வேலை பாக்குறீங்கன்னு உங்க லைன் லீடர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த மாசமே ஏத்திடலாம்." அப்போது கதவைத் திறந்து சகலை தலையை நீட்டுகிறான். "என்ன சகலை, ஏசி காத்து வாங்குறீங்களா?" கேளுங்கள் என்பதுபோல ஏஜென்சிக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டுகிறார். சகலையின் காகிதக் கோப்பையிலிருந்து ஆவி எழுகிறது. நான் என் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். "ஒண்ணுமில்ல சகலை" என்கிறேன். "சார் சம்பளத்தை ஏத்தித் தரேங்கிறாரு. நான்தான் இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டிருக்கேன்."