கழுவாத டிபன் பாக்ஸ்

இப்போதெல்லாம் எந்த வீட்டில் யார் யாரைத் திட்டினாலும், அந்த வீட்டு ஸ்மார்ட் சுவரே அதை ராப் பாடலாக்கி, முகத்தை மட்டும் மாற்றி, வீடியோவாக ஊருக்கே போட்டுவிடும். தினமும் புதுப் பாடகர்களைத் தேடிப் பிடிக்கும் ஆதினிக்கு இப்போதைய பைத்தியம் 'எம்சி கரண்டி'. மகனை வெளுத்து வாங்கும் ஒரு அம்மா.

ஆதினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா திடீரென்று மகன் பக்கம் திரும்பினார்.

"கால ஆட்டாதடா பிரணீத், இது சோபாவா ஊஞ்சலா? வாயத் தொடைடா, மூஞ்சியில சட்னி என்ன சந்தனமா?"

ஆதினிக்குப் புல்லரித்தது. அதே குரல், அதே தாளம்!

"அப்போ, எம்சி கரண்டி பாட்டுல வர்ற மாதிரி, ஊசிப்போன டிபன் பாக்ஸைக் கழுவாம பையிலயே வச்சிருந்தது நீங்கதானா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பையனப் பிடிச்சிருக்காம்மா?" என்றார் அப்பா.

"சம்மதம்ப்பா. ஆனா இவரு திருந்தவே கூடாது. அத்தையோட பாட்டு நின்னுடும்!"