மருமகளின் காவல்

"எங்கப்பாவைப் பார்க்க உங்கிட்ட பாஸ் வாங்கணுமா? நீ மருமகளா, ஜெயில் வார்டனா?"

மகள் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியின் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தாராளமா பாருங்க அண்ணி. அந்த மாத்திரை மட்டும் வேண்டாம். டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்கக் கூடாது."

அப்பாவுக்குக் குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. நோயோடு சண்டை போடும் அணுக்களை அவர் உடம்பிலிருந்தே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, போன வாரம்தான் திரும்ப ஏற்றியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

அதெல்லாம் சரி, மனுஷர் வலியில் சுருண்டு கிடக்கிறாரே? தன்னைப் பெற்ற அப்பாவாக இருந்தால் இவள் இப்படிக் கல்லாட்டம் நிற்பாளா?

மகள் தன் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வழக்கமாக வாங்குகிற மாத்திரை அது. ஒன்று போட்டால் வலி போன இடம் தெரியாது. ஆனால் அப்பாவும், "மருமக சொல்லாம வேண்டாம்மா" என்று தலையாட்டிவிட்டார். என்ன சொக்குப்பொடி போட்டாளோ!

மறுநாள் மருமகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தாள். அப்புறம் தினமும் அதே கதைதான்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார்.

"வலி மாத்திரை ஏதாவது வெளியில வாங்கிக் குடுத்தீங்களா? அதுல கலக்கிற ஸ்டீராய்டு உள்ள போயிருக்கு. நாங்க ஏத்தின அணுக்களை அது அடக்கிப் போட்டுடுச்சு. மறுபடியும் எடுத்து வளர்க்க இவர் உடம்புல தெம்பு இல்ல."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மகள் நினைத்தாள். வாய் வரவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றாள் மருமகள். "மாமா துடிச்சதைப் பார்த்து மனசு கேக்கல. அவருக்குத் தெரியாம கலந்து குடுத்துட்டேன்."

அப்பா அவளை வெறித்துப் பார்த்தார்.

"உன்னைப் போய் நம்பினேனே! இனிமே என் பக்கமே வராதே. என் பொண்ணு இருக்கா, அவ பார்த்துப்பா."

வராந்தாவில் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

"நான்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"டாக்டர் கேட்டதும் உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன் அண்ணி."

"பண்ணின பாவி நான். பழியை நீ எதுக்கு ஏத்துக்கிட்டே?"

"நான் வெளியிலேருந்து வந்தவ. என்னைத் திட்டித் தீர்த்துட்டு நிம்மதியா தூங்கிடுவார். நீங்கன்னு தெரிஞ்சா, மிச்சம் இருக்கிற நாளெல்லாம் உங்களை நினைச்சுத்தானே அழுவார்?"