பால் ஊற்ற வந்தவர்கள்

குளியலறையிலிருந்து அவள் வெளியே வருவதற்குள் முதல் ஸ்பூன் உள்ளே போயிருந்தது.

இரண்டே நிமிடம். அதற்குள்.

கட்டிலில் அவள் கணவர் இருமிக்கொண்டிருந்தார். இருமல்கூட இல்லை, நெஞ்சுக்குள் எதையோ கொப்பளிப்பது போல ஒரு சத்தம். கண்கள் மேலே செருகின. முகம் கறுத்தது.

ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகைத் தடவினாள். கடைவாயில் பால் வழிந்து தலையணை நனைந்தது.

மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"பாத்தியா, என் கையால ஏத்துக்கிட்டான்" என்றாள் நாத்தனார் தெய்வக்கன்னி. கையில் எவர்சில்வர் டம்ளர். அதில் முக்கால்வாசி பால்.

ஏற்றுக்கொண்டாராம்.

நேற்றுதான் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள். இனி அவரால் விழுங்க முடியாது. வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய் மூச்சு முட்டும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிட்டால் போதும். வலிக்கு மருந்து இருக்கிறது, நிம்மதியாகப் போவார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிய தலைகள்தான் இப்போது கட்டிலைச் சுற்றி வரிசையில் நிற்கின்றன.

உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறதாம். பாலுக்குத்தான் காத்திருக்கிறதாம். அவருடைய சித்தப்பா பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம், அதனால் இரண்டாவதாக நிற்கிறார்.

இந்த மனிதர் பாலைக் கண்டாலே முகம் சுளிப்பவர். முப்பது வருடமாக வரக்காப்பிதான். இவர்களில் ஒருவருக்காவது அது தெரியுமா? கழுத்துப் புற்றுக்குக் கட்டு மாற்ற, ஐந்து மாதத்தில் ஒரு கை வரவில்லை. ஸ்பூன் பிடிக்க மட்டும் பதினான்கு கை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தடுத்தால் என்ன பேசுவார்கள் என்று தெரியும். தம்பிக்குக் கடைசிப் பாலைக்கூட ஊற்றவிடாத மகராசி. கருமாதி வரை பேசுவார்கள். அதற்குப் பிறகும் பேசுவார்கள்.

சித்தப்பா ஸ்பூனுக்குக் கை நீட்டினார்.

அவள் டம்ளரைப் பிடுங்கினாள்.

அண்ணாந்து குடித்தாள். மடக்மடக்கென்று, அடி வரை.

தெய்வக்கன்னி வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! சாகப்போறவனுக்கு வச்ச பாலுடி அது!"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். கட்டிலை மறித்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வரிசையை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள்.

"இன்னும் யாரெல்லாம் ஊத்தணும்? வாங்க, எனக்கு ஊத்துங்க."