உஸ்தாத் ஷஃபீக் உரையின் தொனி

மிஸ் சல்வா கரும்பலகையில் 'பேச்சாளரின் தொனி என்ன?' என்று எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்தார்.

பேச்சாளர் நான்தான். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க, பேசி முடித்த களைப்போடு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வோர் ஏப்ரலிலும், உள்நாட்டுப் போர் தொடங்கிய நாளன்று, பெய்ரூத்தின் இந்தப் பள்ளிக்கு என்னை அழைப்பார்கள். அதே கோட்டு, அதே உரை. பதினெட்டு ஆண்டுகளில் கோட்டு இறுகிவிட்டது. உரை மட்டும் மெருகேறிக்கொண்டே வந்தது. குரல் எங்கே உடைய வேண்டும் என்று பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்.

உரை இதுதான்: குண்டடிபட்ட என் தம்பி நஸ்ரி எங்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டினான். குரல் கொடுக்கவில்லை. அந்த நாட்களில் பெயரே ஆள் எந்த மதம் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கதவும் திறக்கவில்லை.

'நானோ அன்று மலையில், மாமா வீட்டில் இருந்தேன். இங்கே இருந்திருந்தால்...' என்று நிறுத்தி, தண்ணீர் குடிப்பேன்.

"கோபம்" என்றாள் ஒருத்தி.

"துயரம் மிஸ்."

"என் மார்க்கைப் பாத்துட்டு எங்கப்பா பேசுற மாதிரியே இருக்கு மிஸ்" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தேன்.

லமீஸ் என்ற சிறுமி மட்டும் உரையின் நகலில் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"உஸ்தாத், கடைசிக் கதவை நாலு தடவை தட்டினார்னு போட்டிருக்கு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு தடவை. உள்ளங்கையால, முழங்கால் உயரத்துல."

எத்தனையோ வரிகளை வெட்டியிருக்கிறேன். அந்த ஒன்றில் மட்டும் கை வைத்ததில்லை. பாராட்டப் போகிறாள் என்று டையைச் சரிசெய்துகொண்டேன்.

"நீங்கதான் மலையில இருந்தீங்களே. இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

மிஸ் சல்வா 'துயரம்' என்று பாதி எழுதிய சாக்கட்டியோடு திரும்பினார்.

வழக்கமாக நான் தண்ணீர் குடிக்கும் இடம் இதுவல்ல. ஆனாலும் குடித்தேன்.

"யாரும் சொல்லலம்மா" என்றேன். "அந்தக் கதவுக்கு உள்பக்கம் நான்தான் இருந்தேன்."