இரண்டு மாத்திரைகளில் ஒன்று

திருநங்கையான மிருதுளா ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கவிருந்தாள். அதோடு உடம்பில் ஊறும் ஆண் ஹார்மோனை அடக்கவும் ஒரு மாத்திரை வேண்டும். டாக்டர் ஹசீனா இரண்டைச் சொன்னார். "ஒண்ணு அடிக்கடி பாத்ரூம் போக வைக்கும். தண்ணி நல்லா குடிக்கணும். இன்னொண்ணு சில பேருக்கு மனசைக் கீழ இறக்கிடும். உங்களுக்கு எது தோதுப்படும்?"

மிருதுளாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். மனம் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன மழைக்காலம் முழுக்கப் பாயைவிட்டு எழாமல் கிடந்தவள். ஆனால் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஆண்கள் கழிப்பறையில் கேலி, பெண்கள் கழிப்பறையில் முணுமுணுப்பு. வாயைக்கூட நனைக்காமல், அடக்கிக்கொண்டேதான் நாளெல்லாம் புடவை விரித்துப் போடுவாள்.

"முதல்ல சொன்னதையே எழுதுங்க டாக்டர்."

அந்த வாரமே ஒரு மதியம், விரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் கழிப்பறைக்கு ஓடினாள். வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஜெசிந்தா வந்தாள். பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தாலும் இதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். மிருதுளாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் சரியா விழாது. போ, நான் நிக்கறேன்."

மிருதுளா உள்ளே போய்க் கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. "யாரு உள்ள?" என்று கேட்டது ஒரு குரல்.

"நம்ம செக்‌ஷன் பொண்ணு," என்றாள் ஜெசிந்தா. "அவசரம்னா மாடிக்குப் போ."