மஞ்சள் தொப்பிக்காரரின் சந்தேகங்கள்

"போட்டோல ஒரு ஆள்தான் இருக்கணும். இதுல ஒண்ணேகால் ஆள் இருக்கு" என்றார் எல்லைச் சாவடி அதிகாரி.

கண்ணாடி ஜன்னல் வழியே போட்டோ திரும்பி வந்தது. அதில் மனைவியின் கன்னத்தை ஒட்டி ஒரு காதும் பாதிக் கிருதாவும் தெரிந்தன. இரண்டுமே கணவருடையவை. ஸ்டுடியோ செலவு எதற்கு என்று, மனைவியின் விசா விண்ணப்பத்துக்கு வீட்டிலிருந்த ஜோடிப் போட்டோவைக் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தார் மனிதர்.

நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் சிக்கனப் புலி. இருப்பதிலேயே மலிவான பஸ்ஸாகப் பார்த்து ஏறியே ஏழு நாடுகளைச் சுற்றி வந்தவர். மனைவிக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எல்லையைத் தாண்டி நாலு மணி நேரம் போனால் வருகிற ஊரில் அவளுடைய அக்கா வேலை பார்க்கிறாள். பார்த்து ஆறு வருஷமாகிறது. பஸ் நிலையத்துக்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு லீவு இன்று ஒருநாள்தான்.

எல்லாரும் இறங்கும்போதே பஸ் டிரைவர், பெரிய மீசைக்காரர், கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஒரு மணிக்கு வண்டி கிளம்பும். வராதவங்களை விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

அடுத்த பஸ் நாளைக்குத்தான். இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள், பிறகு இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது.

அதிகாரி புலியின் பாஸ்போர்ட்டில் மட்டும் முத்திரை குத்தினார். எதிர்ச் சாரியிலிருந்த போட்டோக் கடையைக் கையால் காட்டினார். மனைவி ஓடினாள். ஓடும் முன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கான விளக்கம் வீட்டுக்குப் போனபிறகு கிடைக்கும் என்பது புலிக்குத் தெரியும்.

வரிசை மளமளவென்று கரைந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஜன்னலில் யாருமே இல்லை. அதிகாரி சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஷட்டரை இறக்கக் கையைத் தூக்கினார்.

அப்போதுதான் அந்த மஞ்சள் தொப்பிக்காரர் வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். விண்ணப்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

கறுப்பு மையில் எழுதுவதா, நீல மையிலா என்று கேட்டார். தொழில் என்று போட்டிருக்கிறதே, இப்போது லீவில் இருப்பதால் என்ன எழுதலாம் என்று கேட்டார். அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இந்த முத்திரை மழையில நனைஞ்சா அழிஞ்சிடுமா சார்?"

புலிக்கு ரத்தம் கொதித்தது. மனைவி எந்த நிமிஷமும் வந்துவிடுவாள். வந்தால் நிற்க இடம் வேண்டாமா? இந்த ஆள் அசைகிற வழியாக இல்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏங்க, வீட்டை விட்டு இப்பத்தான் முதல் தடவையா வெளிய வர்றீங்களா? இதெல்லாம் கத்துக்கிட்டு வரக்கூடாதா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"இன்னும் ஒரே ஒரு சந்தேகம்தான் சார்" என்று அசடு வழிந்துவிட்டு அந்த ஆள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு சந்தேகத்தில் ஏழெட்டு சந்தேகங்கள் இருந்தன. மணி ஒன்று அடித்தது. அதிகாரி டப்பாவைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஒன்று ஒன்பதுக்கு மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தொப்பிக்காரர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார். அதிகாரி புதுப் போட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்திய கையோடு ஷட்டரை இறக்கினார்.

"இந்நேரம் வண்டி போயிருக்கும்ங்க. அக்கா அங்க நின்னுக்கிட்டே இருப்பா" என்றாள் மனைவி. குரல் உடைந்துவிட்டது. அந்தக் காதையும் கிருதாவையும் பற்றிப் புலி வாயே திறக்கவில்லை. எல்லாம் அந்தத் தொப்பிக்காரனால் வந்தது என்று ஓடும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. மீசைக்கார டிரைவர் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்ததும் புலிக்கு வீரமும் திரும்பி வந்தது. நடந்ததையெல்லாம் டிரைவரிடம் கொட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களெல்லாம் எதற்கு எல்லை தாண்ட வேண்டும் என்று கேட்டார்.

"அந்த ஆளும் நம்ம வண்டின்னா ஏத்தாதீங்க. விட்டுட்டுக் கிளம்புங்க. அப்பத்தான் புத்தி வரும்."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பின்னாலேயே வந்துகொண்டிருந்த தொப்பிக்காரர் இருவரையும் தாண்டி வண்டியில் ஏறினார். தொப்பியைக் கழற்றினார். கொக்கியில் தொங்கிய நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது.



"அவனை விட்டுட்டு எப்படி சார் போறது? இங்கேருந்து அவன்தானே ஓட்டணும். இவ்வளவு நேரமும் பின்சீட்ல தூங்கிட்டு வந்தான்" என்றார் மீசைக்காரர். டிரைவர்களுக்குத் தனி ஜன்னலாம். அவர்கள் முத்திரை வாங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டதாம்.

"அப்புறம் எதுக்கு அங்க போய் அவ்வளவு கேள்வி?"

மீசைக்காரர் புலியின் மனைவி ஏற வழிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜன்னல்ல ஆள் நிக்கிற வரைக்கும் அவங்க மூட முடியாது சார். யாராவது மாட்டிக்கிட்டா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போய் முட்டாளா நிப்போம். இன்னிக்கு அவன் முறை."